பழஞ்சேலைப் போர்வையின் வரலாறு



கந்தை என்னும் சொல்லை நாம் இழிவுப் பொருளிலேயே வழங்கி வருகின்றோம். கசக்கிக் கட்டவேனும் அது உதவும் என்று பழமொழி சற்றே இரக்கம் காட்டுகின்றது. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. வடமொழியில் ‘கந்தா’ என்றொரு சொல் உண்டு. கிழிந்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துத் தைத்த உடை அல்லது போர்வை என்பது அதன் பொருள். நம்முடைய கந்தை அச்சொல்லின் உறவினள் என்று அறிஞர் கருதுவர். வங்காளத்தார் அதே சொல்லைக் ‘காந்தா’ என்று உச்சரித்து, அரும்பொருட்காட்சிச் சாலையில் வைத்துப் போற்றுகின்றனர். ஒரே சொல் ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் நிற்பதற்குக் காரணமாயிருந்தவர்கள் வீட்டுக்குள் இருந்த மூத்த பெண்களே. அவர்களுடைய கைவேலையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

திருகோணமலைக்கு அண்மையில் உள்ள கப்பல்துறையில் இருந்துகொண்டு போர்வையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அனலாய் வீசும் இந்நாட்டில் போர்வை எதற்கு? ஆயினும் கார்த்திகை, மார்கழியில் வாடை புகுந்து, மழை இரவு பகலாகப் பெய்யும்போது, பழஞ்சேலை இரண்டை மடித்து ஓரம் தைத்துப் போர்த்திக்கொள்ளாத வீடு என் இளமைக் காலத்தில் இல்லை. ஏணையில் குழந்தைக்கு விரிப்பதும் பழஞ்சேலைதான். புதுத்துணி குழந்தையின் மேனிக்கு ஆகாது என்பார்கள். ஆனால் நம்மவர் அதில் தையலை மேலும் வளர்க்கவில்லை. தேவைக்கு நாலு இழை ஓட்டி நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் தஞ்சைக் கைவினைஞர் துணியை வெட்டித் துணிமேல் ஒட்டித் தைத்துத் தேருக்குத் தொம்பைகள் செய்தனர். ஆயினும் அது கோயிலுக்குரிய கலை, வீட்டுக்குரியதன்று.

துணியை ஒட்டுப்போடுவதற்கு இப்பகுதியிலுள்ள மிகப் பழைய சான்று பௌத்த விநய நூலில் இருக்கின்றது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடந்ததைப் புத்தர் காட்டி, அதுபோலத் துறவியரின் ஆடையை அமைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் துண்டுகளை இணைத்து அவ்வாறே செய்ததாகவும் அந்நூல் கூறும். இலங்கையில் மழைக்காலத் தங்கலின் முடிவில் நடைபெறும் கடின விழாவில், துணியை வெட்டித் தைத்துச் சாயமேற்றுவதெல்லாம் ஒரே நாளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. ‘கடினம்’ என்பது ஆடையைப் பொருத்தித் தைக்கும் சட்டத்தின் பெயர். தம்பலகாமத்து வயல்வெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடை நினைவுக்கு வரும்.

வங்காளத்துக்கு வருவோம். காந்தாவைப் பற்றி வங்க மரபு கூறும் செய்திகளுள் மிகப் பழையதும் சுவையானதும் சைதன்யரின் அன்னையைப் பற்றியது. சைதன்யர் 1486ஆம் ஆண்டில் நவத்வீபத்தில் பிறந்தவர். அவருக்கு முன் அன்னை சசிதேவி பெற்ற பெண் குழந்தைகள் பலர் இறந்துபோயினர். மூத்த மகன் விசுவரூபர் துறவு பூண்டு வீட்டைவிட்டுச் சென்றார். கணவரும் காலமானார். எஞ்சிய ஒரே மகனும் 1510இல், தம் இருபத்துநான்காம் வயதில், காவி உடுத்துப் புறப்பட்டுவிட்டார். வீட்டில் எஞ்சியவர்கள் அன்னையும் மருமகள் விஷ்ணுப்பிரியையும்தாம்.

இவ்விடத்தில் அத்தாய் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். மகனைத் தடுக்க இயலாது என்று அவள் கண்டாள். மீண்டும் வா என்று கேட்டால் அவனுடைய துறவுக்கு இழுக்கு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, தொலைதூரத்துப் பிருந்தாவனத்துக்குச் செல்லாமல் புரியிலே தங்கட்டும் என்று மட்டும் கேட்டாள். காரணம், நவத்வீபத்துக்கும் புரிக்கும் இடையே யாத்திரிகர் போக்குவரத்து ஓயாமல் இருந்தது. யாரேனும் ஒருவர் செய்தி கொண்டு வருவார். கிருஷ்ணதாச கவிராசர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதம் இதனை எடுத்துரைக்கின்றது. அந்த யாத்திரிகர் கையிலே அன்னை தன் கையால் தைத்த காந்தா ஒன்றை மகனுக்கு அனுப்பினாள் என்பதும் மரபு. சைதன்யர் வாழ்ந்த புரியின் கம்பீரா மடத்தில் இன்றும் ஒரு காந்தாவைக் காட்டுகின்றனர்.

துறவிக்குப் பட்டாடை அனுப்ப முடியாது. அணிகலன் அனுப்ப முடியாது. பலகாரமும் அத்தனை நாள் தாங்காது. ஆனால் கந்தை துறவிக்கு விலக்கப்பட்ட பொருளன்று. தாயின் பழஞ்சேலை கந்தையாகிவிட்டபடியால் அது மகனைச் சேர முடிந்தது. இதைவிட நுட்பமான ஒரு தெரிவை நான் வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

காந்தா தைக்கும் முறை எளியது. உடுத்து நைந்த பருத்திச் சேலைகளைத் துவைத்து, மூன்று முதல் ஐந்தாறு அடுக்குவரை நிலத்தில் விரித்து, சுருக்கம் நீக்கி, மூலைகளில் பாரம் வைப்பார்கள். முதலில் ஓரங்களைத் தைப்பார்கள். பிறகு அடுக்குகள் விலகாதபடி நீண்ட இழைகளை ஓட்டுவார்கள். அதன்பின், நம் பள்ளிக்கூடங்களில் நூலோட்டத் தையல் என்று கற்பிக்கின்றோமே, அந்த ஒரே தையலால் முழுத் துணியையும் நிறைப்பார்கள். நடுவிலே தாமரை, நான்கு மூலைகளில் மரம், இடையிலே மீன், யானை, படகு, தேர், அரிவாள்மணை, பாக்குவெட்டி, சீப்பு. வண்ண நூலுக்குக் கடைக்குப் போவதில்லை. சேலையின் கரையிலிருந்தே சிவப்பும் நீலமுமாக இழைகளை உருவிக்கொள்வார்கள். இடைவெளி முழுவதும் வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுவதால் துணி முழுவதும் குளத்து நீர்போலச் சிற்றலை எழுந்து நிற்கும். குளிருக்குப் போர்த்துவது ‘லேப்’. விருந்தினருக்கு விரிப்பது ‘சுஜனி’. கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது ‘ஆர்ஷிலதா’. நூல்களைப் பொதிவது ‘பேட்டன்’. பகல் உணவு முடிந்து மாட்டுக்கு வைக்கோல் போடும் நேரம் வரையிலான இடைவேளையே இதற்குரிய காலம். சில காந்தாக்கள் முடிய ஆண்டுக்கணக்காகும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு.

இவற்றை ஏழை வீட்டுத் தட்டுமுட்டு என்று எண்ணியிருந்த காலத்தில், குருசதய தத்தர் என்னும் அரசாங்க உத்தியோகத்தர் கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்தார். அவர் 1941இல் மறைந்தார். அவருடைய சேகரத்தைக் கொண்ட அரும்பொருட்காட்சிச் சாலை கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963இல் திறக்கப்பட்டது. அங்குள்ள காந்தாக்களுள் புகழ்பெற்றது மானதசுந்தரி என்னும் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்தது. எழுத்தையும் தையலாலே பொறித்து, இன்னாள் தன் தகப்பனுக்குச் செய்தது என்று அதில் தெரிவித்திருக்கின்றாள். வீட்டைவிட்டுப் போனவள் மகள், அனுப்பியவளும் அவளே. அரசர் கல்வெட்டில் பெயர் பொறித்தார்கள். இவளுக்கு ஊசியும் சேலைக்கரை நூலும் போதியனவாயின. 1929இல் கவிஞர் ஜசிமுத்தீன் வெளியிட்ட நக்‌ஷி காந்தார் மாட் என்னும் கதைப்பாடலும் இதே கைவேலையை நடுவாகக் கொண்டது. கணவன் பிரிந்த பின் ஷாஜு என்னும் பெண் தன் வாழ்வையெல்லாம் ஒரு காந்தாவில் தைத்து, அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கின்றாள். மேலைநாட்டு ஆலைத்துணி மலிந்தபோது தளர்ந்த இக்கலை, 1971இல் வங்காளதேசம் தோன்றிய பின்னர், போரில் துணையிழந்த பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாக மீண்டும் தழைத்தது. விற்பனைக்கென்று புதுத்துணியில் தைக்கத் தொடங்கியபோது பழஞ்சேலை விடைபெற்றது. வயிறு நிறைந்தது நல்லதே. ஆனால் அவ்வேலையை வேறு பெயரால் அழைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கன்னட நாட்டின் வடகன்னட மாவட்டத்தில் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். போர்த்துக்கேயர் ஆண்ட கோவையிலிருந்து அடிமைத்தளை நீங்கிக் காடு புகுந்தோரும் அவர்களுள் உண்டு. அவர்களுடைய ஒட்டுத்துணிப் போர்வை ‘கவந்தி’ எனப்படும். பெரும்பாலும் மூத்த பெண்களே அதனைத் தைக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிக்கின்றனர். நான்கு மூலையிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்து ‘பூலா’, அதாவது பூ, வைக்காமல் விட்டால் போர்வை ஆடையின்றி நிற்கிறதாகக் கருதுவார்கள்.

மேலைநாட்டு முறை வேறு. அவர்கள் துணியைச் சிறு சிறு துண்டாக வெட்டிச் சேர்ப்பவர்கள். 1840களில் அமெரிக்காவில் ஒரு வழக்கம் பரவியது. மேற்கே புதுநிலம் தேடிச் செல்லும் குடும்பத்துக்கு, ஊரில் தங்குபவர்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் தம் பெயரை மையால் எழுதி, எல்லாவற்றையும் ஒரே போர்வையாக இணைத்துக் கொடுப்பார்கள். துணியை அரிக்காத மை அதற்குச் சற்று முன்னர்தான் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அவர்களுள் பலர் ஒருவரையொருவர் மீண்டும் கண்டதில்லை. பெயர் எழுதிய போர்வை மட்டும் மிஞ்சியது.

அந்த அமெரிக்கரே நம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தனர். 1824இல் உடுவிலில் ஹாரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தோடும் வாசிப்போடும் அங்கே ஊசிவேலையும் கற்பிக்கப்பட்டது. 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் 1879வரை அப்பாடசாலையை நடத்தினார். 1883இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. தாயையும் மகளையும் பேத்தியையும் ஒருவர்பின் ஒருவராகக் கற்பித்த அவரை ஆயிரம் மகள்களின் தாய் என்று அழைத்தனர். ஒரு பாடசாலைக்கு அதிபராயிருப்பவள் என்ற முறையில் அப்பட்டத்தின் மறுபக்கம் எனக்குத் தெரியும். ஆயிரம் மகள்களை உடையவள் ஆயிரம் தடவை வாசலில் நின்று வழியனுப்பியவளும் ஆவாள்.

இனி நம் துறைமுகத்தைத் தொட்டு ஒரு செய்தி. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின்மீது குண்டு பொழிந்தன. சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டது. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இங்கே மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிய அவ்வாண்டிலேயே, சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் போர்வை தைத்துக்கொண்டிருந்தனர்.

அவர்களுடைய கணவன்மாரும் வளர்ந்த புதல்வரும் வேறிடத்தில் கைதிகளாயிருந்தனர். கடிதம் எழுதத் தடை. உயிருடன் இருக்கிறோம் என்று தெரிவிக்க வழியில்லை. கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்னும் பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: மருத்துவமனையிலுள்ள காயமுற்றோருக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று கேட்கலாம். ஒவ்வொருத்தியும் ஒரு சதுரத்தில் தன் பெயரையும் தன்னைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றையும் தைக்க வேண்டும். ஒன்று பிரித்தானியருக்கு, ஒன்று அவுஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியருக்கு என மூன்று போர்வைகள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம். காவலர் ஐயுறாதிருக்கவே ஜப்பானியருக்கும் ஒன்று. பூவும் வீடும் கப்பலும் தைத்த அச்சதுரங்களைக் கண்டு, தன் மனைவி உயிருடன் இருக்கிறாள் என்று அறிந்த ஆடவர் இருந்தனர். இரண்டு போர்வைகள் இன்று கன்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் உள்ளன. அதே சிறையில் சாரணியச் சிறுமியர் தம் தலைவி எலிசபெத் எனிசின் பிறந்தநாளுக்கெனக் கந்தல்களைச் சேர்த்துத் தைத்த இன்னொரு போர்வை இலண்டன் போர்க் காட்சிச்சாலையில் இருக்கின்றது. ஊசி பிடிக்கத் தெரியாதிருந்த சிறுமியரும் அங்கேதான் பழகிக்கொண்டனர்.

இது பெண்களின் வேலை என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஐயாமார் எண்ண வேண்டாம். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் தலையில் அடிபட்ட தோமஸ் வாக்கர் என்னும் படைவீரன், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி படையுடைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் காட்சியை ஓவியர் தோமஸ் வுட் 1856இல் தீட்டியிருக்கின்றார். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரரும் இவ்வேலையில் ஈடுபட்டனர். மதுவையும் சூதையும் நாடாதிருக்க மேலதிகாரிகள் இதனை ஊக்குவித்தார்கள். ஓய்வூதியம் பெற்றபின் திண்ணையில் பத்திரிகையைத் தலைகீழாகவும் வாசித்து முடித்துவிடும் கணவன்மார் நம் ஊரிலும் உண்டு.

பிள்ளைகள் பறந்துபோன வீட்டை ‘வெறுங்கூடு’ என்று இக்காலத்து உளநூலார் பெயரிட்டிருக்கின்றனர். திருகோணமலை மாவட்டத்தில் அச்சொல்லுக்கு இரண்டு வகைப் பொருள் உண்டு. 1983இலும் 1990இலும் 2006இலும் இங்கிருந்து சென்றவர்கள் சிறகு முளைத்துப் பறந்தவர்கள் அல்லர், துரத்தப்பட்டவர்கள். அத்தகைய வீட்டுத் தாய்மாரிடம் பொழுதுபோக்கு என்று சொல்ல என் நா எழாது. அவர்களுள் பலரிடம் பழஞ்சேலையே இல்லை. கட்டிய சேலையோடு காட்டு வழியே நடந்தவர்களின் பெட்டகம் எரிந்துபோனது. முகாமில் கிடைத்த சேலை நைந்துபோகுமுன் அடுத்த இடப்பெயர்வு வந்தது. ஒரு வீட்டில் ஐந்து பழஞ்சேலை சேர்ந்து கிடக்கிறதென்றால், அங்கே ஒரு தலைமுறை ஓரிடத்தில் அமைதியாக இருந்ததென்று பொருள். வரலாற்றாசிரியர் நாணயத்தையும் ஓட்டுச்சில்லையும் எண்ணுவதுபோல இதனையும் எண்ணலாம்.

மற்றொரு வகை, படிப்புக்கும் தொழிலுக்கும் மணத்துக்குமாகச் சென்றவர்கள். என் வீடு அவ்வகை. மகள் கனடாவில், மகன் அவுஸ்திரேலியாவில். நாள்தோறும் கைபேசியில் முகம் பார்க்கின்றேன். சசிதேவிக்கு யாத்திரிகர் கொண்டுவந்த செய்தியைவிட எனக்குக் கிடைக்கும் செய்தி மிகுதி. இருந்தும் மாலை நான்கு மணிக்குப் பாடசாலையிலிருந்து திரும்பியதும் வீட்டில் விழும் அமைதியைக் கைபேசி தீர்க்கவில்லை. இரண்டு மாரிக்கு முன் அலுமாரியைத் திறந்து, பருத்திச் சேலைகளை எடுத்துத் துவைத்து, வங்காளத்தார் முறையிலே விரித்தேன்.

துணியை வெட்டும் மேலைநாட்டு முறையை நான் கைக்கொள்ளாமைக்குக் காரணம் உண்டு. நம் பெண்களுக்குச் சேலையில் கத்தரி வைக்க மனம் வராது. கூறைச் சேலையாயின் கேட்கவே வேண்டாம். அடுக்கித் தைக்கும் முறையில் சேலை சேலையாகவே இருக்கும்; வேண்டுமானால் இழையைப் பிரித்து மீண்டும் எடுத்துவிடலாம். அயல்வீட்டு அக்கா ஒருவர் இதைக் கேட்ட பிறகுதான் தம் தாயாரின் சேலையை வெளியே எடுத்தார். இப்பொழுது ஞாயிறு தோறும் நால்வர் கூடுகின்றோம். ஒருவர் மகனை 1990இல் பிரிந்தவர். அவர் அதிகம் பேசுவதில்லை. தமக்கென்று துணி கொண்டுவராமல் எங்கள் துணியிலே ஓரம் தைத்துத் தருகின்றார். வேண்டுமா என்று ஒருநாள் ஒரு சேலையை நீட்டினேன். ‘பிறகு பார்ப்பம் ரீச்சர்’ என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

முதற் போர்வை முடிந்ததும் மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். ‘அம்மா, இங்கே வீடு முழுக்கச் சூடாக்கி வைத்திருக்கிறோம், போர்வை வேண்டியதில்லை, விமானப் பொதிக்குக் கொடுக்கும் காசில் நீங்கள் நல்ல கண்ணாடி ஒன்று வாங்குங்கள்’ என்றாள். நியாயமான சொல். சில நாள் மனம் சுருங்கியிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. கண்ணாடியும் வாங்கினேன். பிறகு ஒருநாள் அவளாகவே, நடுவில் இருக்கும் பச்சைக்கரைச் சேலை நான் முதல் வகுப்புக்குப் போன அன்று நீங்கள் கட்டியிருந்ததா என்று கேட்டாள். ஆம் என்றேன். அப்படியானால் அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், வரும்போது எடுத்துச் செல்கிறேன் என்றாள். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. போர்வை, பூச்சி அரிக்காதபடி வேப்பிலை இட்டு, அலுமாரியின் மேற்றட்டில் இருக்கின்றது.

தைக்க விரும்புவோருக்கு இரண்டொரு குறிப்பு. கஞ்சிப்பசை முழுதும் போகும்வரை துவைக்க வேண்டும். இல்லையேல் ஊசி ஏறாது. நைலக்ஸ் சேலை உதவாது. அடுக்கு வழுக்கி விலகும். சாயம் போகும் சிவப்பை வெள்ளையோடு சேர்க்குமுன் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழை ஓட்டினால் சுருக்கம் வெளியே தள்ளப்பட்டுவிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவிலே மேடு விழும். சித்தியர் மட்டும் எவ்வாறு ஓரத்தில் தொடங்கி மேடு விழாமல் முடிக்கின்றனர் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது போர்வையில் அதை முயன்றுகொண்டிருக்கின்றேன். மூன்று மூலை முடிந்துவிட்டது.